வட்டத்தில் தெரியாத தோள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அரசியல் பிடிக்காது. யார் ஜனாதிபதியாக வந்து உட்கார்ந்தாலும் காலையில் எழுந்து மாவு பிசையப்போவது நாங்கள்தான். அப்படிப்பட்ட என் கடையில், நாற்பத்து நான்கு வருஷச் சிநேகிதர்கள் இரண்டு பேர் ஒரு ஜனாதிபதித் தேர்தலுக்காக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் என் புருஷன். பிறகு எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

எங்கள் கடை குன்சான் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. மட்டிச் சிப்பி போட்ட நூடுல்ஸ், காரமாகப் புளிக்கவைத்த முள்ளங்கி கிம்ச்சி, அவ்வளவுதான் சரக்கு. என் புருஷன் பில்-ஜுங் அடுப்படியில் மாவைத் தேய்த்துக் கத்தியால் நறுக்குவார். நான் மேஜை, கல்லா, வாய்ச் சண்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வேன். அவருக்கு மூன்று வயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. அவருடைய சிநேகிதன் தால்-ஹோவுக்குப் பிறவியிலேயே கேட்காது. ஏழு வயதில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தவர்கள். தால்-ஹோ அண்ணன்தான் எங்களுக்கு மட்டி கொண்டுவருவார். தினமும் காலை ஆறு மணிக்கு அவருடைய குட்டி லாரியின் விளக்கு எங்கள் அடுப்படி ஜன்னலில் மூன்று தடவை மின்னும். ஹாரன் அடித்து என்ன பயன்?

இங்கே இவர்கள் பேசுவதாக நான் எழுதுகிறதெல்லாம் கைப்பேச்சு, சைகை மொழி. எங்கள் வீட்டில் அதுவும் பேச்சுதான். வாயால் பேசுகிறவர்களைவிட அதிகமாகவே பேசுவார்கள், அதில் கெட்ட வார்த்தையும் உண்டு. இந்தக் காது கேளாதவர் கூட்டத்தில் பெயர் என்றால் ஆளைப் பார்த்ததும் தெரிகிற அடையாளம். தால்-ஹோவுக்குப் பெயர் ‘கன்னக்குழி’. என் புருஷனுக்கு ‘தழும்பு’, நெற்றியில் இருக்கிறது. எனக்கு வைத்த பெயர் ‘பெரிய வாய்’. நான் வாயைத் திறந்தால் கடையில் எல்லாத் தலையும் திரும்புவதைப் பார்த்துவிட்டு வைத்தது. முப்பது வருஷமாக அதைத்தான் சுமக்கிறேன்.

அந்த வருஷம் டிசம்பரில் தேர்தல். எல்லோரிடமும் மடக்குப் போன் இருந்த காலம் அது. வேட்பாளர்களின் முதல் டிவி விவாதத்தன்று எங்கள் ஆட்கள் எட்டுப் பேர் கடைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் டிவி பெரியது. சூப்பு ஓசியில் கிடைக்கும் என்பது இன்னொரு காரணம். மூன்று வேட்பாளர்களுக்கும் பத்து நிமிஷத்தில் பெயர் சூட்டியாகிவிட்டது. முதலாமவர் ‘மச்சம்’, புருவத்துக்கு மேலே பட்டாணி அளவுக்கு இருந்தது. இரண்டாமவர் ‘சீப்பு’, மண்டையில் ஒரு முடி கலையவில்லை. மூன்றாவது ஒரு அம்மாள், பேசும்போதெல்லாம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். அவர் ‘கைமடிப்பு’. அவருக்கு ஓட்டு விழாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர் பேசும்போதுதான் எல்லோரும் கிம்ச்சி எடுத்துக்கொண்டார்கள்.

திரையின் கீழ் மூலையில் ஆரஞ்சுப்பழம் அளவுக்கு ஒரு வட்டம். அதற்குள் ஒரு பெண், மூன்று பேர் பேசுவதையும் ஒருத்தியே கைப்பேச்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு எழுத்தாகவும் கீழே ஓடியது, ஆனால் அதிலும் யார் பேசுகிறார் என்று இல்லை. ஒருவர் பேசும்போது இன்னொருவரின் முகத்தைக் காட்டுவதில் டிவிக்காரர்களுக்கு அப்படி ஒரு ஆசை. அதனால் நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, “இப்ப மச்சம்”, “இப்ப சீப்பு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கணவாய் மீன் படகுக்காரர்கள் ஆறு பேர் பசியோடு வந்தார்கள். என் புருஷன் டிவியை விட்டு நகருவாரா? நான்தான் அடுப்படிக்கு ஓடினேன். பத்தே நிமிஷம். திரும்பி வந்தபோது கடை இரண்டுபட்டிருந்தது.

நடந்தது இதுதான். யாரோ ஒரு வேட்பாளர், “எல்லா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலும் ராத்திரி பகல் பாராம ஒரு கைப்பேச்சு மொழிபெயர்ப்பாளர் இருக்கணும்” என்றிருக்கிறார். உடனே இன்னொருவர், “அதுக்கெல்லாம் பணம் எங்கே? முதல்ல அவசியமானதைப் பாப்போம்” என்று சிரித்திருக்கிறார். திரையில் அப்போது இருந்தவை மச்சத்தின் முகமும் சீப்பின் முகமும். இரண்டு வாயும் அசைந்திருக்கின்றன. வட்டத்துக்குள் ஒரே பெண், ஒரே இரண்டு கை.

“மச்சம்தான் சொன்னாரு! இந்தக் கண்ணால பாத்தேன்!” என்று தால்-ஹோ மேஜையைத் தட்டினார்.

“உன் கண்ணு பழுது. சொன்னது சீப்பு. சிரிச்சவன்தான் மச்சம்” என்றார் என் புருஷன்.

“டேய் தழும்பு, நீ சீப்புக்கு ஓட்டுப் போடறதுன்னு போன மாசமே முடிவு பண்ணிட்ட. அதான் எல்லா நல்லதும் அவன் வாயிலிருந்தே வர்ற மாதிரி தெரியுது.”

தால்-ஹோ அண்ணனுக்கு இது வெறும் தேர்தல் வாக்குறுதி இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில் அவர் மனைவி சுன்-நேயை நெஞ்சு வலி என்று அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். அவளுக்கும் கேட்காது. என் புருஷன் கூட இருந்தார். நான் இக்சானில் அக்கா மகள் கல்யாணத்தில் இருந்தேன். முகமூடி போட்ட டாக்டர் கழுத்துவரை அதை இறக்கி என்னவோ சொன்னாராம். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார் என்று நினைத்து, வெளியே பனி பெய்கிறதே என்று தால்-ஹோ அவளுடைய கோட்டை எடுக்க வீட்டுக்கு ஓடினார். நாற்பது நிமிஷத்தில் கோட்டோடு திரும்பி வந்தபோது அவள் இல்லை. “நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்” என்று துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் சொன்னார். என் புருஷன் அந்த நாளைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார்.

இவ்வளவும் தெரிந்த மனிதர், அன்றைக்கு எட்டுப் பேர் முன்னால், கையை வீசி வீசிச் சொன்னார்:

“நீ அன்னைக்கும் தப்பாத்தானே புரிஞ்சுக்கிட்ட!”

கடையில் இருந்த எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. தால்-ஹோ அண்ணன் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் விளக்கு சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கேட்கிறவர்கள் கதவை அறைந்துவிட்டுப் போவோம். காது கேளாதவர் விளக்கை அணைத்தால், இனி உன்னோடு ஒரு பேச்சும் இல்லை என்று அர்த்தம். முப்பது வருஷத்தில் தால்-ஹோ எங்கள் வீட்டு விளக்கை அணைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஜன்னலில் விளக்கு மின்னவில்லை. கதவைத் திறந்தால் மட்டிக் கூடை வாசலில் இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. கூடையில் ஒரு உடைந்த மட்டி கிடையாது, எப்போதும்போலப் பொறுக்கி எடுத்த சரக்கு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. சண்டை போட்டவன் அழுகல் மட்டியைக் கொடுத்தாலாவது இரண்டு திட்டு திட்டி ஆறலாம்.

“யோவ், போய் மன்னிப்புக் கேளு” என்றேன்.

“யாரு சொன்னதுன்னு தெரியட்டும். நான் தப்புன்னா கேக்கறேன்” என்றார்.

“சீப்புக்கும் மச்சத்துக்கும் ஏழு வயசிலிருந்து உன்னைத் தெரியுமா? அவனுக்குத்தான்யா தெரியும்!”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சை முடிக்க இது அவருடைய வழி. கண்ணை மூடிய மனுஷனிடம் என்னத்தைச் சொல்வது? சுவரோடு சண்டை போட்டால் சுவராவது நம்மைப் பார்த்தபடி நிற்கும்.

நூடுல்ஸ் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போனது. நாலாம் நாள் ஒரு வாடிக்கைக்காரர் கிண்ணத்திலிருந்து ஒன்றைத் தூக்கிக் காட்டி, “ஏம்மா, இது நூடுல்ஸா, இடுப்புப் பெல்ட்டா?” என்று கேட்டார். மத்தியானச் சோற்றில் பாதியை என் புருஷன் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துபோனார்.

பேப்பரில் தேடினேன். வரியைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர் விஷயம் ஒரு வரிகூட இல்லை. ஆறாம் நாள், இரண்டாவது விவாதம் நடக்கப்போகிற அன்று, எனக்கு ஒரு யோசனை வந்தது. வட்டத்துக்குள் நின்ற அந்தப் பெண் ஒக் மின்-ஹ்வா. அவளுடைய அம்மாவும் இவர்கள் படித்த அதே காது கேளாதோர் பள்ளியில் படித்தவள், இப்போது சோஞ்சுவில் இருக்கிறாள். இந்த உலகம் அவ்வளவு சின்னது. அம்மாவுக்குக் குறுஞ்செய்தி போட்டேன், சாயங்காலம் மகளே கூப்பிட்டாள். என் புருஷன் மாவுக் கையோடு என் எதிரில் வந்து நின்றார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கேட்டதையெல்லாம் அவருக்குக் கையில் சொன்னேன்.

“அந்தப் பேச்சு எனக்கு மறக்குமா அக்கா? எங்கம்மாவை நினைச்சுக்கிட்டேதான் சொன்னேன்” என்றாள் மின்-ஹ்வா. “ஆனா உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு? ஒண்ணாம் நம்பர் பேசினா இடது பக்கம் சாய்வேன். ரெண்டாம் நம்பருக்கு வலது பக்கம். அந்தம்மாவுக்கு நேரா நிப்பேன். நாங்க அப்படித்தானே ஆளை மாத்திக் காட்டுவோம்?”

“சாஞ்சியா? வட்டத்துல உன் தலையும் ரெண்டு கையும்தாம்மா தெரிஞ்சுது. தோளே தெரியலை.”

“ஐயோ, ரெண்டு மணி நேரம் இடுப்பு வலிக்க வலிக்க யாருக்காக சாஞ்சேன் நான்!” என்றாள்.

“சரி, அதைச் சொன்னது யாரு? மச்சமா, சீப்பா?”

“ரெண்டு பேரும் இல்லை அக்கா. மூணாம் நம்பர். அந்தம்மா சொன்னாங்க. பணம் எங்கேன்னு மத்த ரெண்டு பேரும் மாறி மாறிச் சிரிச்சாங்க.”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு கிழவன்களும் ஒருத்தர் முடியை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்க, கைமடிப்பு அம்மாள் அல்லவா சொல்லியிருக்கிறார்! போனை வைத்துவிட்டு, அவரும் சிரிப்பார் என்று முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. மாவுப் பலகை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஒண்ணு சொல்லணும்” என்றார். “அன்னைக்குத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டது அவன் இல்லை. நான்.”

எனக்குப் புரியவில்லை.

“டாக்டர் பேசினப்ப கன்னக்குழி என்னைத்தான் பாத்தான். உதடு படிக்கத் தெரியும்னு பீத்திக்கிறவன் நான்தானே. வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்றாருன்னு சொன்னது நான். வெளியே குளிரு, போய்க் கோட்டை எடுத்துட்டு வான்னு அனுப்பினதும் நான். அவன் போன பத்தாவது நிமிஷம் சுன்-நே போயிட்டா. வாசலையே பாத்துட்டிருந்தா.”

“அப்ப அவரு எல்லார்கிட்டயும்...”

“தான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னான். நான் பக்கத்துல நின்னுட்டுத் தலையை ஆட்டினேன். மூணு வருஷமா ஒரு வார்த்தை அவன் என்னைக் கேக்கலை.”

கையில் இருந்த கரண்டியாலேயே அவர் தோளில் ஒன்று போட்டேன். வலித்திருக்கும், வலிக்கட்டும். “ஏய்யா, அதைத் தாங்கிக்கிட்டவனைப் பாத்தா அந்த வார்த்தையைச் சொன்ன? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?” என்றேன். அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அப்புறம் அடுப்பை அணைத்தேன், கடைக் கதவை இழுத்துப் பூட்டினேன். “கையைக்கூடக் கழுவ வேண்டாம், நட” என்றேன். கிளம்பிய கோபத்தில் நான் கோட்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. டிசம்பர் கடல் காற்றில் வெறும் ஏப்ரனோடு நடந்தேன்.

ஆறரை மணிதான், ஆனால் நன்றாக இருட்டிவிட்டது. தால்-ஹோ அண்ணன் குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னால் ஒரே அறையில் இருக்கிறார். மணியை அழுத்தினால் அவர் அறையில் ஒரு விளக்கு மின்னும். அழுத்தினோம். கதவு திறந்தது. எங்களைப் பார்த்தார். கதவைச் சாத்தவில்லை, அந்த மனிதருக்கு அவ்வளவு மரியாதை. உள்ளே நடந்துபோய் விளக்கை அணைத்துவிட்டார்.

கும்மிருட்டு. வாசல்படியில் நின்ற எனக்கு என் கையே தெரியவில்லை. இனி எப்படிப் பேசுவது? திரும்பிப் போகவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

என் புருஷன் உள்ளே போனார். எதிலோ கால் இடித்து ஒரு தகரப் பாத்திரம் உருண்டது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு யாரோ ஒருவர் தடுமாறுகிற ஓசை, விலகப் பார்க்கிறார், இன்னொருவர் விடவில்லை. பிறகு துணியோடு துணி உரசுகிற சத்தம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விடுதியில் விளக்கு அணைத்த பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்து, கைக்குள் கையை வைத்துப் பேசிக்கொள்வார்கள் என்று அவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். ஏழு வயதுப் பையன்கள் செய்ததை ஐம்பத்தொரு வயதுக் கிழவர் செய்துகொண்டிருந்தார்.

வெகுநேரம் அந்த உரசல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு அழுகை கேட்டது. தன் அழுகை எப்படிக் கேட்கும் என்று தெரியாதவர்கள் அதை அடக்கவும் மாட்டார்கள். அது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு இரண்டாவதும் சேர்ந்துகொண்டது. நான் வாயில் ஏப்ரனை வைத்துக்கொண்டு நின்றேன்.

விளக்கு எரிந்தது. சுவிட்சின் மேல் தால்-ஹோவின் கை இருந்தது. அவர் கை, முழங்கை, சட்டையின் மார்பு எல்லாம் ஒரே மாவு. இரண்டு பேருக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“இவன் இருட்டுலயும் அவசரக்காரன். பாதிதான் புரிஞ்சுது” என்றார் தால்-ஹோ அண்ணன் என்னிடம்.

“அண்ணே, மூணு வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?”

“என்னத்தைச் சொல்ல? இவன் உதடு படிக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? வாத்தியார் உக்காருன்னா இவன் எந்திரிச்சு ஓடுவான். தெரிஞ்சிருந்தும் நம்பிப் போனது நான்தானே. அது என் தப்புதான்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அதோட, சொன்னா இவன் சோறு திங்கமாட்டான். இவன் திங்கலைன்னா நூடுல்ஸ் கெட்டுப்போகும். அப்புறம் நான் எங்கே போய்ச் சாப்பிடறது?”

பிறகு என் புருஷன் பக்கம் திரும்பினார். கன்னக்குழியில் சிரிப்பு இல்லை. “ஆனா அன்னைக்கு நீ சொன்னது வலிச்சுதுடா தழும்பு. ரொம்ப வலிச்சுது.”

“தெரியும்” என்றார் என் புருஷன். முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொள்ளாமல் நின்றார்.

அந்த வாக்குறுதியைச் சொன்னது யார் என்று நான் சொன்னபோது தால்-ஹோ அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. “கைமடிப்பா! அவங்க பேசறப்ப நான் முள்ளங்கி எடுத்துட்டிருந்தேனே!” அந்த அம்மாளுக்கு அந்தத் தேர்தலில் நாடு முழுக்கச் சேர்த்தும் நூற்றுக்கு மூன்று ஓட்டுகூட விழவில்லை. விழுந்ததில் மூன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். ரகசிய வாக்கு, அதற்குமேல் சொல்லமாட்டேன்.

“எட்டு மணிக்கு அடுத்த விவாதம். கிளம்புங்க, இன்னைக்கு வட்டத்துல வேற ஆளு. நான்தான் பெட்டி பக்கத்துல நிக்கணும்” என்றேன். சொல்லும்போதே குளிரில் என் கைகள் ஆடின. கைப்பேச்சே திக்கியது.

தால்-ஹோ அண்ணன் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கதவுக்குப் பக்கத்து ஆணியில் பழுப்பு நிறக் கோட்டு ஒன்று மாட்டியிருந்தது. சுன்-நேயின் கோட்டு. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து மாட்டியது, மூன்று வருஷமாக அதை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. அதை எடுத்தார். ஒரு தடவை உதறினார். என் தோளில் போட்டு, கழுத்துப் பட்டன்வரை தானே மாட்டிவிட்டார். என் புருஷன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டு மணிக்குக் கடையில் எட்டுப் பேரும் இருந்தார்கள். படகுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். இன்றைக்குக் கடை இல்லை, போங்கள் என்று கத்தினேன், பெரிய வாய் எதற்கு இருக்கிறது? டிவிக்குப் பக்கத்தில் நின்று, மச்சம் பேசும்போது இடது பக்கம் சாய்ந்தேன், சீப்பு பேசும்போது வலது பக்கம், அந்த அம்மாள் பேசும்போது நேராக. அவர் பேசுகையில் யாரும் முள்ளங்கி எடுக்கவில்லை.

கோட்டு எனக்குக் கொஞ்சம் இறுக்கம். அடுப்புச் சூட்டில் வியர்த்து ஊற்றியது. கழற்றலாமா என்று பட்டனில் கை வைத்தேன். தால்-ஹோ அண்ணன் தரையில் காலால் இரண்டு தட்டுத் தட்டி என்னைப் பார்க்கவைத்தார்.

“கழட்டாதே பெரிய வாய்” என்றார். “இப்பதான் தோள் நல்லாத் தெரியுது.”